ரெண்டு சத்தம் சேர்ந்தா ஒண்ணு ஏன் காணாமப் போகுது?

கேள்வி மூணா வந்திருக்கு, முதல்ல அதை அப்படியே எடுத்து வெச்சுக்கறேன். ஒண்ணு, வீட்டுல தம்புராவையும் எலக்ட்ரானிக் சுருதி பெட்டியையும் ஒண்ணா போட்டா "வாங்... வாங்..."னு அலை மாதிரி ஏறி இறங்குது, தனித்தனியா போட்டா அந்த அலை இல்ல, ஏன். ரெண்டு, கச்சேரியில மிருதங்கம் வலுத்ததும் வயலின் காணாமப் போயிடுது, ஆனா வயலின்காரர் வில்லை இழுத்துக்கிட்டேதான் இருக்காரு, அந்த சத்தம் எங்க போச்சு. மூணு, பசங்க ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு கீச்சுனு புல்லாங்குழல் ஊதினா யாருமே ஊதாத ஒரு உறுமல் காதுக்குள்ள கேக்குது, அது பிரமையா.

பிரமை இல்ல. மூணும் வேற வேற விஷயம் மாதிரி தெரிஞ்சாலும் மூணுக்கும் வேர் ஒண்ணுதான், அது காதுக்குள்ள சத்தம் எப்படிப் பிரியுதுங்கறது. அந்த ஒண்ணு பிடிபட்டுடுச்சுன்னா மிச்சம் எல்லாம் தானா வரிசையா விழுந்துடும். நான் ரொம்ப வருஷமா கச்சேரிகள்ல சவுண்டு மிக்ஸர் பின்னாடி உக்காந்து பொழப்பு நடத்தறவன், முதல் சில வருஷம் இது தெரியாமலே வேலை பாத்தேன், அதோட விளைவைக் கீழ சொல்றேன்.

காதை மைக்குன்னு நினைச்சா ஆரம்பத்துலயே தப்பா போயிடும். மைக் வர்ற எல்லா சத்தத்தையும் ஒரே கம்பியில ஒரே அலையா அனுப்பிடும். காது அப்படிப் பண்ணாது, உள்ள வந்த உடனே கூறு போட்டுடும். உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு, காக்ளியா, பட்டாணி அளவுதான் இருக்கும், ரெண்டரைச் சுத்துக்குக் கொஞ்சம் மேல, விரிச்சு நீட்டினா சுமார் 35 மில்லிமீட்டர். அதுக்குள்ள நெடுக ஒரு ஜவ்வு ஓடுது, அதுக்குப் பேரு பேசிலார் மெம்பிரேன். சத்தம் உள்ள நுழையற வாசல் பக்கம் அந்த ஜவ்வு குறுகலா விறைப்பா இருக்கும், உள்கோடியில அகலமா தொளதொளன்னு இருக்கும். அதனால கீச்சு சத்தம் வாசல்கிட்டயே ஜவ்வை ஆட்டிட்டு அடங்கிடும், கனத்த சத்தம் உள்கோடி வரைக்கும் போய்தான் பெருசா ஆட்டும். ஜவ்வு மேல உட்கார்ந்திருக்கற மயிர்ச்செல்கள் எந்த இடம் ஆடுதுன்னு பாத்து மூளைக்குச் சொல்லும். உள்வரிசையில சுமார் 3,500, வெளிவரிசைகள்ல சுமார் 12,000, ஒரு காதுக்கு அவ்வளவுதான், போனா முளைக்காது.

இப்படி அலை ஓடுதுங்கறதை நேர்ல பாத்தவர் பேக்கேஷி, ஹங்கேரிக்காரர், புடாபெஸ்ட்ல டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்தவர். இறந்தவங்க காதை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சு பாத்தார், 1961ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். காது ஆராய்ச்சியில நிறைய டெலிபோன்காரங்க காசுலதான் நடந்திருக்கு, லைன்ல இரைச்சல் எவ்வளவு இருந்தா வாடிக்கையாளர் திட்டாம இருப்பான்னு தெரிஞ்சுக்கணுமில்ல.

இப்போ முக்கியமான சங்கதி. ஜவ்வுல ஒரு புள்ளி ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு (செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்கற எண்ணிக்கை, ஹெர்ட்ஸ்ல சொல்வாங்க) மட்டும் ஆடறதில்ல, அக்கம்பக்கத்து அதிர்வெண்ணுக்கும் சேர்த்துதான் ஆடும். அதாவது காது போடற ஒவ்வொரு கூறுக்கும் ஒரு அகலம் இருக்கு. இங்கிலீஷ்ல கிரிட்டிகல் பேண்டுன்னு சொல்வாங்க, நான் இங்க "அறை"ன்னு சொல்லிக்கறேன். ரெண்டு சத்தம் வேற வேற அறையில விழுந்தா அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்துட்டுப் போவாங்க. ஒரே அறையில விழுந்தா பங்காளி சண்டைதான். சுவர் வெச்ச அறைன்னு நினைச்சுக்காதீங்க, அறைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கி இருக்கும், எந்த அதிர்வெண்ணை எடுத்தாலும் அதைச் சுத்தி ஒரு அறை உண்டு. 1000 ஹெர்ட்ஸ் பக்கத்துல அந்த அகலம், அளக்கற முறையைப் பொறுத்து, சுமார் 130லேருந்து 160 ஹெர்ட்ஸ்.

இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்துல ஹார்வி ஃப்ளெட்சர்னு ஒருத்தர், 1940ல எழுதினார். ஒரு சுத்தமான டோன், அதாவது ஒரே அதிர்வெண் மட்டும் இருக்கற சத்தம், அதைச் சுத்தி கொஞ்சமே கொஞ்சம் அகலத்துக்கு "ஸ்ஸ்"னு இரைச்சல். இரைச்சலோட அகலத்தை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டே போனா டோன் கேக்கறது கஷ்டமாகிக்கிட்டே வரும். ஒரு அகலத்துக்கு மேல எவ்வளவு விரிச்சாலும் கஷ்டம் கூடறதே இல்ல. இரைச்சல் மொத்தமா கூடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா அறைக்கு வெளில கூடற இரைச்சல் உள்ள இருக்கற டோனை ஒண்ணும் பண்ணல. இதை விட எளிமையா, இதை விட அழகா ஒரு பரிசோதனை நான் படிச்சதில்ல.

சரி, தம்புராவுக்கு வருவோம். அஞ்சு கட்டை சுருதின்னா சாரணி, அதாவது தம்புராவோட நடுக் கம்பி ரெண்டும், 196 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும், கணக்கு சுலபமா இருக்க 200னு வெச்சுக்குவோம். உங்க பெட்டி 200ல நிக்குது, தம்புரா 201ல இருக்கு. ரெண்டு அலையும் ஒரு நேரம் கைகோத்து ஒண்ணா ஏறும், அரை செகண்டு கழிச்சு ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், அப்போ ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். செகண்டுக்கு ஒரு தடவை ஏறி இறங்கற அந்த "வாங்"குக்குப் பதினொண்ணாங்கிளாஸ் பிசிக்ஸ் புக்குல விம்மல்னு அருமையான பேரு இருக்கு, நம்ம பசங்க அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துடறாங்க, தம்புரா பக்கத்துல உட்கார்த்தி வெச்சு சொல்லிக் குடுத்திருந்தா ஆயுசுக்கும் மறக்காது. எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசமோ செகண்டுக்கு அத்தனை விம்மல். இது காத்துலயே நடக்குது, காது கண்டுபிடிச்ச கதை இல்ல. ஆனா ரெண்டும் ஒரே அறையில விழுந்ததாலதான் நமக்கு விம்மலா கேக்குது.

ஆனா உங்க காதுல ஒரே ஒரு வாங் மட்டும் கேட்டிருக்காது, உத்துக் கேட்டா வேற வேற வேகத்துல நாலஞ்சு அலை ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். தம்புராவுல 200 மட்டுமா இருக்கு, 400, 600, 800னு அதோட மடங்குகள்ல மேற்சுரங்கள் வரிசையா இருக்கு (அடியில இருக்கற 200ஐயே முதலாவதா எண்ணிக்கறேன்). 200க்கும் 201க்கும் ஒரு விம்மல்னா 400க்கும் 402க்கும் ரெண்டு, அஞ்சாவது மேற்சுரத்துல அஞ்சு, பத்தாவதுல பத்து. அதனாலதான் காது பழகினவங்க சுருதி சேர்க்கும்போது அடியில இருக்கற கும்காரத்தைக் கவனிக்க மாட்டாங்க, மேல இருக்கற அந்த ரீங்காரத்தைக் கவனிப்பாங்க, சின்ன பிசிறு கூட அங்க பத்து மடங்கா தெரியும். பிருடையை (கம்பியை இறுக்கற ஆணி) முறுக்கி கிட்டத்துல கொண்டு வந்துட்டு மிச்சத்தைக் கம்பியில கோத்திருக்கற மணியை நகர்த்தி சரி பண்றது அந்தப் பத்து விம்மலை ஒண்ணாக்கி, ஒண்ணை ஜீரோவாக்கற வேலைதான்.

பஞ்சமத்துக்கும் இதே வழிதான். சாரணி 200னா கீழ் பஞ்சமம் 150. 150ம் 200ம் நேரா விம்மாது, ரொம்பத் தள்ளி இருக்கு. ஆனா பஞ்சமத்தோட நாலாவது மேற்சுரம் 600, சாரணியோட மூணாவது மேற்சுரம் 600, இந்த ரெண்டும் ஒரே அறை. பஞ்சமம் அரை ஹெர்ட்ஸ் ஏறி 150.5 ஆனா மேல 602, செகண்டுக்கு ரெண்டு விம்மல். நூத்துக்கணக்கான வருஷமா நம்ம ஆளுங்க மீட்டர் இல்லாம இந்தக் கணக்கைக் காதால போட்டுக்கிட்டிருக்காங்க.

வித்தியாசத்தைக் கூட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்னு போன்லயே பண்ணிப் பாக்கலாம், டோன் ஜெனரேட்டர் ஆப் இலவசமா கிடைக்குது, ரெண்டு போன் எடுத்துக்குங்க. (போன் ஸ்பீக்கர்ல 200 சரியா வராது, கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க.) 200, 203 போட்டா மூணு விம்மல், எண்ணவே முடியும். 200, 215 போட்டா எண்ண முடியாது, படபடன்னு ஆயிடும். 230 பக்கம் போகும்போது அது கரகரப்பா மாறும், தொண்டை கட்டின மாதிரி. 300க்குப் போயிட்டீங்கன்னா கரகரப்பு போய் ஷட்ஜமம் பஞ்சமம்னு ரெண்டு சுரம் தெளிவா நிக்கும். ரெண்டு சுரம் சேரலைன்னு நாம சொல்றதுல பாதி இந்தக் கரகரப்புதான்னு 1863லயே ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி எழுதிட்டார். அவர் செகண்டுக்கு 33 விம்மல் வந்தா மோசம்னு கணக்கு சொன்னார். 1965ல ப்ளாம்ப், லெவெல்ட்னு ரெண்டு டச்சுக்காரங்க அதைத் திருத்தி, நிலையான ஒரு நம்பர் இல்ல, அந்த இடத்து அறையோட அகலத்துல கால்வாசி வித்தியாசம் இருக்கும்போதுதான் ரொம்பக் கரகரன்னு இருக்குன்னு காட்டினாங்க.

இதுல ஒரு நடைமுறை விஷயம் இருக்கு. கீழ் ஸ்தாயியில அறை, அந்த சுரத்தோட ஒப்பிட்டா, ரொம்ப அகலம். 100 ஹெர்ட்ஸ்ல சுமார் 35 ஹெர்ட்ஸ், அதாவது மூணுல ஒரு பங்கு. 1000ல பார்த்தா ஏழுல ஒரு பங்குதான். அதனால மேல அழகா சேர்ற அதே ரெண்டு சுரத்தைக் கீழ கொண்டு போய் சேர்த்து அடிச்சா சேறு மாதிரி ஆயிடும். கீபோர்டுல இடது கையால நெருக்கமா கார்டு பிடிக்காதேன்னு மாஸ்டர் திட்டறது இதுக்குத்தான், அவர் காரணம் சொல்லியிருக்க மாட்டாரு.

மூணாவது கேள்வியை ரெண்டாவதுக்கு முன்னாடி எடுத்துக்கறேன், ஏன்னா அதுல ஒரு வேடிக்கை இருக்கு. யாரும் ஊதாத உறுமலை முதல்ல கவனிச்சவங்கள்ல ஒருத்தர் இத்தாலி வயலின்காரர் தார்த்தினி, 1714ல கவனிச்சதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார், மூணாவது சுரம்னே பேரு வெச்சார். ரெண்டு கம்பியைச் சேர்த்து வாசிக்கும்போது அந்த மூணாவது சுரம் சரியா வந்தா சுருதி சரின்னு சிஷ்யர்களுக்கு சொல்லிக் குடுத்தாராம். இது விம்மல் இல்ல. விம்மல் காத்துல இருக்கு, இது பெரும்பாலும் காதுக்குள்ளயே தயாராகற சத்தம். வெளிவரிசை மயிர்ச்செல்கள் சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கறதில்ல, சின்ன சத்தத்தைத் தூக்கி விடறதுக்குத் தானும் நீண்டு சுருங்கி ஜவ்வை உதைக்கும், ஆம்ப்ளிஃபையர் மாதிரி. எந்த ஆம்ப்ளிஃபையரும் சுத்தம் இல்ல, ரெண்டு டோன் உள்ள போனா கலப்படமா வேற டோனும் வெளில வரும்.

1000, 1200 போட்டா அதுல ரெண்டு கலப்படம் முக்கியம். கழிச்சா வர்ற 200 ஒண்ணு, இதுக்கு டோன் கொஞ்சம் சத்தமா இருக்கணும். இன்னொண்ணு, சின்ன நம்பரை இரட்டிச்சு அதுல பெரிய நம்பரைக் கழிச்சா வர்ற 800, இது மெதுவான சத்தத்துலயே வரும். ரெண்டு போனை வெச்சு ஒண்ணை 1000ல நிறுத்திட்டு இன்னொண்ணை 1200லேருந்து மெல்ல 1300க்கு ஏத்துங்க (ரெண்டையும் ஒரே போன்ல போட்டா ஸ்பீக்கரே கலப்படம் பண்ணிடும், அதனால தனித்தனி). நீங்க ஏத்த ஏத்த அடியில ஒரு மெல்லிய சத்தம் 800லேருந்து 700க்கு இறங்கும். கை ஏத்துது, காது இறக்குது. முதல் தடவை இதைக் கேட்டப்போ ராத்திரி ஒரு மணி, பக்கத்துல தூங்கிட்டிருந்தவங்களை எழுப்பி "கேக்குதா கேக்குதா"ன்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இன்னும் ஒரு படி மேல போனா, காது தயாரிக்கற அந்தச் சத்தம் திரும்ப வெளியவும் வரும்! 1978ல லண்டன்ல டேவிட் கெம்ப்ங்கறவர் காதுலேருந்து வெளில வர்ற சத்தத்தை முதல்ல பதிவு பண்ணி வெளியிட்டார். இப்போ ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தை காதுல சின்ன ப்ரோப் வெச்சு டெஸ்ட் பண்றாங்களே, அதுல ஒரு வகை இதேதான், ரெண்டு டோன் உள்ள அனுப்பறாங்க, மூணாவது டோன் வெளில வருதான்னு மைக் கேக்குது. வந்தா வெளிவரிசை செல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், குழந்தை தூங்கிக்கிட்டே பாஸ்.

இங்க ஒரு குழப்பத்தைத் தவிர்க்கணும். போன்ல அப்பா குரல் அப்பா குரலாவே கேக்குது இல்லையா, அவர் குரலோட அடிப்படை 120 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்குங்க, பழைய டெலிபோன் லைன் 300லேருந்து 3400 வரைக்கும்தான் அனுப்பும், 120 வரவே இல்ல. ஆனா 360, 480, 600 வருது, மூளை அந்த இடைவெளியைப் பாத்து 120ன்னு முடிவு கட்டிடுது. இதுவும் காது பண்ற கலப்படம்தான்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 1954ல லிக்லைடர்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கீழ் அதிர்வெண் பகுதி முழுக்க இரைச்சலைப் போட்டு மூடிட்டார், அங்க நிஜமா ஒரு டோன் இருந்திருந்தா அது மறைஞ்சிருக்கணும், ஆனா சுரம் அப்படியே கேட்டுது. அப்போ அது ஜவ்வுல இல்ல, மூளையோட கணக்கு. ஆக, யாரும் ஊதாத சத்தம் ரெண்டு வகை, ஒண்ணு காதோட கலப்படம், இன்னொண்ணு மூளையோட ஊகம்.

இப்போ வயலின். ஒரு சத்தம் இன்னொண்ணை மூடறதுக்கு மாஸ்கிங்னு பேரு. அறைக்கணக்குப்படி பாத்தா, வயலினும் மிருதங்கமும் ஒரே அறையில விழற இடத்துல எது வலுவோ அது ஜெயிக்கும், அது புரியுது. ஆனா மிருதங்கத்தோட கும்கி (இடது பக்கத்துல வர்ற கனத்த சத்தம்) கீழ் அறையில இருக்கு, வயலின் மேல் அறையில இருக்கு, அப்புறமும் ஏன் மூடுது? ஏன்னா இந்தச் சண்டையில நியாயம் கிடையாது. கனத்த சத்தம் கீச்சு சத்தத்தை மூடும், கீச்சு சத்தம் கனத்த சத்தத்தை அவ்வளவு சுலபமா மூடாது. 1876ல ஆல்ஃபிரட் மேயர்னு அமெரிக்கர் இதை எழுதி வெச்சார், 1924ல வெகல், லேன் ரெண்டு பேரும் டோன் டோனா அளந்து வரைபடம் போட்டாங்க.

காரணம் வாசல்தான். காக்ளியாவை ஒரு டவுன் பஸ் ரூட்டா நினைச்சுக்குங்க. கீச்சு சத்தம் எல்லாம் முதல் ஸ்டாப்புல இறங்கற பயணி, கனத்த சத்தம் கடைசி ஸ்டாப். கடைசி ஸ்டாப்புக்குப் போறவன் பெரிய மூட்டையோட முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப் எல்லாரையும் இடிச்சுக்கிட்டேதான் போகணும். முதல் ஸ்டாப்புல இறங்கறவன் கடைசி ஸ்டாப்புல காத்திருக்கறவனை இடிக்க வழியே இல்ல. மூட்டை சின்னதா இருந்தா, அதாவது சத்தம் கம்மியா இருந்தா, இடி அவ்வளவா தெரியாது. சத்தம் ஏற ஏற மேல் பக்கமா பரவறது தாறுமாறா கூடும். அதனாலதான் ஹால்ல வால்யூம் ஏத்தினா தெளிவு கூடறதுக்குப் பதிலா குறையுது.

இதைத் தெரிஞ்சுக்காம நான் பட்ட அவமானம். ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன் கச்சேரி, முன் வரிசையில உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் மூணு தடவை திரும்பி "வயலின் கேக்கலப்பா"ன்னாரு. நான் மூணு தடவையும் வயலின் ஃபேடரை (மிக்ஸர்ல சத்தத்தை ஏத்தி இறக்கற பட்டன்) ஏத்தினேன். நாலாவது ஏத்துக்கு மண்டபமே "கூஊஊ"ன்னு ஃபீட்பேக்ல அலறுது, மாப்பிள்ளை காதைப் பொத்திக்கிட்டாரு. எனக்கு வேலை கத்துக் குடுத்த அண்ணன் சாப்பாட்டுப் பந்தியிலேருந்து எச்சில் கையோட ஓடி வந்தாரு. "தம்பி, வயலினைத் தொடாத. அதுக்கு வழியை விடு முதல்ல"ன்னுட்டு இடது கையால மிருதங்கத்தோட தொப்பிப் பக்க (கும்கி வர்ற பக்கம்) மைக்ல 150லேருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏழெட்டு டெசிபல் இறக்கினாரு, வயலின் ஃபேடரைப் பழைய இடத்துக்கே கொண்டு போயிட்டாரு, பாடகர் மைக்ல அடியில இருந்த தேவையில்லாத உறுமலையும் வெட்டினாரு. அவ்வளவுதான், திரை விலகின மாதிரி வயலின் வந்து நின்னுது. முன்னாடி இருந்ததை விட வயலின் கம்மிதான், ஆனா கேக்குது. பெரியவர் திரும்பிப் பாத்து தலையை ஆட்டினாரு, அண்ணன் பாயசத்துக்குத் திரும்பிப் போயிட்டாரு.

ஆப்பெரா பாடறவங்க மைக் இல்லாம முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேக்கறதும் சத்தத்தால இல்ல. ஆர்க்கெஸ்ட்ராவோட பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல உச்சமா இருக்கும், மேல போகப் போகக் குறையும். பயிற்சி எடுத்த குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு திரட்சி உண்டாகும், ஸ்வீடன்ல யோஹான் சுண்ட்பெர்க் இதை விரிவா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். ஆர்க்கெஸ்ட்ரா இளைச்சுப் போற அறையில போய் இவங்க உக்காந்துக்கறாங்க, தவிர மனுஷக் காதுக்கு ரொம்பக் கூர்மையான இடமும் அதேதான். நம்ம பஸ் கண்டக்டர் விசில் என்ஜின் உறுமலைத் தாண்டி டிரைவருக்குப் போறதும் கிட்டத்தட்ட இதே தந்திரம், உள்ள உருள்ற சின்ன உருண்டை வேற சத்தத்தைத் துடிக்க வைக்குது, துடிக்கற சத்தத்தைக் காது சுலபமா பிடிச்சுக்கும்.

மாஸ்கிங் ஒரே நேரத்துல மட்டும் நடக்கறதில்ல. பலமா ஒரு அடி விழுந்தா அதுக்கப்புறம் 100, 200 மில்லிசெகண்டு வரைக்கும் காது அசந்துதான் இருக்கும், அந்த நேரத்துல வர்ற மெல்லிய சத்தம் போச்சு. விசித்திரம் என்னன்னா அடிக்கு முன்னாடி வந்த மெல்லிய சத்தத்தையும் அது கொஞ்சம் அழிக்கும், ஆனா ரொம்பக் குறைச்சல், 20 மில்லிசெகண்டு சொச்சம்தான். மூளை முன்னதைக் கணக்குல எடுக்கறதுக்குள்ள பின்னது வந்து ஏறிடுது.

இந்த ஓட்டையை எல்லாம் காசாக்கினதுதான் எம்பி3. சிடியில செகண்டுக்கு 14,11,200 பிட், 128 கேபிபிஎஸ் எம்பி3ல 1,28,000, பதினொண்ணுல ஒரு பங்கு. மிச்சம் எங்க போச்சுன்னா, ஒவ்வொரு அறையிலயும் எவ்வளவு இரைச்சலைக் கலந்தா பாட்டே அதை மூடிடும்னு கணக்கு போட்டு அந்த அளவுக்குக் கரடுமுரடா எழுதிடறாங்க. இரைச்சல் இருக்கு, உங்க காதுக்குத் தெரியாத இடத்துல ஒளிச்சு வெச்சிருக்காங்க. பேச்சுக்கு இந்த யோசனையை 1979லயே பெல் லேப்ஸ்ல ஷ்ரோடர், பிஷ்ணு அடல், ஹால் மூணு பேர் எழுதிட்டாங்க, அடல் நம்ம நாட்டுல பிறந்தவர். குறைஞ்ச பிட்ரேட்ல கடம் கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னாடி "ஷ்"னு ஒரு நிழல் வரும். தட்டுக்கு அப்புறம் ஒளிக்க நிறைய இடம் இருக்கு, முன்னாடி அந்த 20 மில்லிசெகண்டுதான், அதைத் தாண்டி இரைச்சல் சிந்திடுது, மாட்டிக்குது.

ரெண்டு காது இருக்கறதும் மாஸ்கிங்குக்கு எதிரான ஆயுதம்தான். கல்யாணப் பந்தியில எதிர்ல இருக்கறவர் பேசறதைக் கேட்டுக்கிட்டே ஒரு காதை நல்லாப் பொத்திப் பாருங்க, சட்டுனு எல்லாம் ஒரே கசகசப்பா ஆயிடும். இரைச்சல் ஒரு திசையிலேருந்தும் பேச்சு வேற திசையிலேருந்தும் வந்தா மூளை ரெண்டு காதையும் ஒப்பிட்டு இரைச்சலைக் கழிச்சுக்கும், ஆய்வகத்துல கீழ் அதிர்வெண்ல 15 டெசிபல் வரைக்கும் லாபம் அளந்திருக்காங்க, 1948லயே. மொபைல்ல எடுத்த கச்சேரி வீடியோ நேர்ல கேட்டதை விடக் குழப்பமா இருக்கறதுக்கு இது ஒரு காரணம். சைடுல ஒண்ணு, யூடியூப்ல பைனாரல் பீட்ஸ்னு, ஒரு காதுல 200 இன்னொரு காதுல 206 போட்டு ஞாபக சக்தி வளரும்னு விக்கறாங்களே, அந்த விம்மல் நிஜம்தான், காத்துல கலக்காம மூளைத்தண்டுல கலக்குது, ரொம்ப மெலிசா கேக்கும். ஞாபக சக்தி கதையை நான் நம்பல, உங்க இஷ்டம்.

வயசானவங்க "கத்தாத, காது கேக்குது, நீ என்ன சொல்றேன்னுதான் புரியல"ன்னு சொன்னா அது வீம்பு இல்லைங்க, அச்சு அசலா உண்மை. வெளிவரிசை செல் போச்சுன்னா மெல்லிய சத்தம் கேக்காததோட அறையும் அகலமாயிடுது. நமக்குத் தனித்தனி அறையில விழற மிக்ஸி சத்தமும் பேத்தி பேச்சும் அவங்களுக்கு ஒரே ஹால்ல விழுது. கத்தினா உயிரெழுத்துதான் வலுக்கும், ச, த, ப மாதிரி மெல்லிய ஒலியெல்லாம் அப்படியே நிக்கும், வலுத்த உயிரெழுத்து அதையும் மூடிடும். ஹியரிங் எய்டு சத்தத்தைக் கூட்டும், அறையைக் குறுக்க அதால முடியாது. மிக்ஸியை நிறுத்திட்டு, எதிர்ல வந்து, நிதானமா பேசினா பாதி சண்டை குறையும்.

கடைசியா உங்க தம்புரா. பெட்டியையும் தம்புராவையும் சேர்த்துப் போடணும்னா போடுங்க, ஆனா பெட்டி நகராது, தம்புராதான் அதுக்கு வரணும், மழை நாள்லயும் ஏசி ரூம்லயும் கம்பி நிமிஷத்துக்கு ஒரு பேச்சு பேசும், அதனால அலை முழுசா போகும்னு எதிர்பாக்காதீங்க. பெட்டியை நிறுத்திட்டு சாரணி ரெண்டையும் முதல்ல சேருங்க, மேல கேக்கற ரீங்காரத்துல வேகமான விம்மல் நிக்கற வரைக்கும் மணியை நகர்த்துங்க. அப்புறம் மேல சொன்ன 600 கணக்குப்படி பஞ்சமம். கடைசியில மந்தர ஷட்ஜமம், கனத்த கடைசிக் கம்பி, அது 100. ஜீவா நூலைக் குதிரை (கம்பியைத் தாங்கற கட்டை) மேல கம்பிக்கு அடியில மயிரிழை மயிரிழையா நகர்த்துங்க, ஒரு இடத்துல கம்பி பளிச்சுனு பேச ஆரம்பிக்கும். அந்த இடத்துல மேற்சுரம் கொட்டும், கம்பியை மீட்டற இடத்தைப் பொறுத்து வரக்கூடாதுன்னு பாடப்புத்தகம் சொல்ற மேற்சுரம் கூட வரும், திருச்சி பக்கத்துல பிறந்த சி.வி.ராமன் கல்கத்தாவுல இருந்தப்போ 1921ல இதைப் பத்தியே கட்டுரை எழுதினார், வளைஞ்ச அந்தக் குதிரைதான் காரணம்னு.

எல்லாம் சேர்ந்துடுச்சுன்னா மந்தரத்தை மட்டும் மீட்டிட்டு கண்ணை மூடிக் கேளுங்க. நீங்க மீட்டாத அந்தர காந்தாரம் மேல தனியா மிதக்கும். அது 100ஓட அஞ்சாவது மேற்சுரம், 500. அந்த இடத்துல அறையோட அகலம் சுமார் 80 ஹெர்ட்ஸ், பக்கத்துல இருக்கற 400ம் 600ம் நூறு நூறு தள்ளி இருக்கு, அதனால காந்தாரத்துக்குத் தனி அறை கிடைக்குது. பத்தாவது மேற்சுரத்துக்கு மேல அறை 130ஐத் தாண்டிடும், அங்க ரெண்டு மூணு பேர் ஒண்ணா நெருக்கிக்கிட்டு உட்கார வேண்டியதுதான், தனியா பிரிச்சுக் கேக்க முடியாது, வெறும் ரீங்காரமா கேக்கும். நாலு கம்பியையும் சேர்த்து மீட்டும்போது சாரணி ரெண்டும் ஒரு ஹெர்ட்ஸ் பிசகினாலும் அதுங்களோட விம்மல் கவனத்தை இழுத்துக்கும், காந்தாரம் தெளிவா நிக்காது. அப்போ காந்தாரம் கேக்கலைன்னா மந்தரத்தைக் குறை சொல்லாதீங்க, திரும்ப சாரணிக்கே போங்க.